ஜாக்கி ஸ்டாண்டுக்கு நான் பொறுப்பு

செப்டம்பர் 1, திங்கள்

இன்று என் மருமகள் மேகலாவுக்கு வேலை ஓடவில்லை. ஈரோட்டுத் தோழி இரவலாகக் கொடுத்திருந்த ஜாக்கி ஸ்டாண்டு இரண்டையும் காலையிலேயே ஆள் விட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவளும் சொந்தமாகப் பட்டறை போடுகிறாளாம். நன்றாக இருக்கட்டும். ஆனால் எங்கள் வாசல் ஷெட்டில் ஒரு தலைமையாசிரியரின் கார் கிளட்சுக் கோளாறோடு நிற்கிறதே, அதற்கு யார் பதில் சொல்வது?

எதிர்வீட்டு ஆட்டோக்காரன் வேலுமணி கூப்பிடாமலேயே வந்து யோசனை சொன்னான். "எதுக்குங்க்கா ஸ்டாண்டு? ரெண்டு ஹாலோ பிளாக்கு வெச்சா ஆனையே நிக்கும்."

"அப்போ நீ ஆனைக்கடியில போய்ப் படுத்துக்கோ. என்ற மருமவ படுக்கமாட்டா" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான். சிரிக்கிற விஷயமா இது?

ஜாக்கி வண்டியைத் தூக்க மட்டும்தான், தூக்கிய வண்டியைத் தாங்குவதற்கு ஸ்டாண்டுதான் என்று மேகலா கல்யாணமாகி வந்த புதிதிலேயே எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். அதை அவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அவிநாசி ரோட்டு எடை மேடையில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து லாரிகளுக்கு எடை போட்டவள் இந்தக் கருணாம்பிகை. ஒரு தடவை எங்கள் மேடைக்குப் பக்கத்திலேயே கல்லின் மேல் ஜாக்கி வைத்து ஒரு கிளீனர் அடியில் நுழைந்தான். அதை இங்கே எழுத வேண்டாம்.

செப்டம்பர் 3, புதன்

தரணி புனேயிலிருந்து பேசினான். என் மகன்தான், ஆனாலும் சொல்கிறேன், பயந்தாங்கொள்ளி. கோயமுத்தூர் சர்வீஸ் சென்டரில் நான்கு வருஷம் வண்டிக்கடியில் நின்று வேலை பார்த்த ஒரே பெண் மேகலாதான். அங்கே போனபோது வாயைத் திறக்காதவன், சொந்த வாசலில் ஷெட் போட்டதும் ஆரம்பித்துவிட்டான்.

"அங்க வண்டியத் தூக்கி நிறுத்தப் பெரிய லிப்டு இருக்குதும்மா. இங்க என்ன இருக்குது? வண்டி ஒருதரம் சறுக்குச்சுன்னா என்ன ஆகும்? ஒரே ஒருதரம் எதாச்சும் ஆச்சுன்னு என்ற காதுல உழுந்துச்சு, ஷெட்டப் பூட்டிப்போட்டு அவளப் புனேக்குக் கூட்டிட்டு வந்துருவேன்."

மேகலா பக்கத்தில்தான் நின்றாள். முகம் சுண்டிவிட்டது. அந்த ஷெட்டுக்குக் கூரை போட்ட அன்று அவள் எப்படித் துள்ளினாள் என்று நான் பார்த்தவள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"டேய், நல்ல ஸ்டாண்டாப் பாத்து நானே வாங்கறன். ஸ்டாண்டுக்கு நான் பொறுப்பு. ஒங்கம்மா சொன்ன எடை என்னிக்காச்சும் தப்பியிருக்குதா?" என்று கேட்டேன். தப்பியதாக யாராலும் சொல்ல முடியாது.

செப்டம்பர் 5, வெள்ளி

எந்த ஸ்டாண்டு வேண்டும் என்று தெரிய, எவ்வளவு பாரம் என்று முதலில் தெரிய வேண்டாமா? தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, அவருடைய காரை மேகலா முதல் கியரிலேயே முக்கி முனகி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து என் பழைய எடை மேடைக்கே போனேன். இப்போது அங்கே சட்டையில் பேனா குத்திய ஒரு புது ஆள். நான் யாரென்று தெரியவில்லை. முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அட, கருணாம்பிகையக்கா!" என்று எழுந்து வந்தார். அதன்பிறகு புது ஆளும் எழுந்து நின்றான்.

முழு வண்டியையும் ஏற்றி எடை பார்த்தோம். பிறகு முன்சக்கரம் இரண்டை மட்டும் மேடையில் நிற்க வைத்துத் தனியாகப் பார்க்கச் சொன்னேன். "அது எதுக்குங்க?" என்றான். "எஞ்சினு முன்னால இருக்குது. முன்பக்கம்தான் பாரம் சாஸ்தி. பாதிப் பாதியாவா நிக்கும்?" என்றேன். கம்ப்யூட்டர் காட்டிய எண் நான் சொன்னதையே சொன்னது. மேகலா திரும்பி வரும் வழியெல்லாம், "உங்களுக்கு எப்பிடிங்த்தே இது தோணுச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு என்ன தோணாது?

செப்டம்பர் 8, திங்கள்

கோயமுத்தூர் போய் வாங்கியாயிற்று. கால் வலி. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

முதல் கடைக்காரர் என்னைப் பார்க்கவேயில்லை, மேகலாவையும் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் யாராவது ஆம்பளை வருகிறாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பளபளவென்று ஒரு ஜோடியை எடுத்து வைத்தார்.

"மூணு டன்னுங்கம்மா. கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

"நான் கண்ணத் தொறந்துட்டுத்தானுங்க வாங்குவேன். மூணு டன்னு ஒண்ணுக்கா, ஜோடிக்கா?"

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொடி எழுத்தில் ஜோடிக்கு என்று போட்டிருந்தது. அதாவது ஒன்று ஒன்றரை டன்தான் தாங்கும். லாரிக்காரர்கள் ஏற்றும் சரக்கைக் குறைத்துக் காட்ட, டேங்க் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு காலி வண்டி என்று எடை போட வருவார்களே, அதே தில்லுமுல்லு. எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது கடையில் மேகலா தரையில் குந்திவிட்டாள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, காலோடு கால் சேரும் இடத்தில் வெல்டிங் விட்டு விட்டு இல்லாமல் முழுசாக ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவினாள். நடுத் தண்டில் வரிசையாகப் பல் இருக்கும். தண்டை மேலே இழுத்தால் ஒரு நாக்கு வந்து பல்லில் விழுந்து பூட்டிக்கொள்ளும். அவள் இழுத்தாள், டக்கென்று சத்தம் வந்தது. மறுபடி இழுத்தாள். "கேட்டீங்களாத்தே? இப்பிடிச் சத்தம் வரோணும். நாக்கு பல்லோட அடி வரைக்கும் போய் உக்காரோணும்." அடிப்பக்கம் அகலமாக இருந்தால் சாயாது, உயரம் கூடக் கூட ஆட்டம் வரும், நமக்குக் குட்டையானதே போதும் என்றாள். பாரக் கணக்கை நான் பார்த்தேன். ஒவ்வொன்றும் தனியாகவே மூன்று டன். முன்பக்க எடையைப் போல மும்மடங்குக்கும் மேல்.

பஸ்ஸில் ஒரு ஸ்டாண்டு அவள் மடியில், ஒன்று என் மடியில். கண்டக்டர் என்னவென்று கேட்டார். "என்ற மருமவ காரு மெக்கானிக்குங்க" என்றேன். அவர் அதைக் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொன்னேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தலைமையாசிரியர் கார் மேலே ஏறியது. மேகலா நாள் முழுக்க அடியில். வீட்டுக்குள்ளே ஒரே புழுக்கம் என்பதால் நான் அவரைக்காயை எடுத்துக்கொண்டு ஷெட் பக்கம் போய் உட்கார்ந்தேன். மாலை வரைக்கும் காற்று நன்றாக வந்தது.

செப்டம்பர் 17, புதன்

இந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிறாள், சரி. சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறாள், சரி. ஸ்டாண்டில் வண்டியை இறக்குவதற்கு முன், கழற்றிய சக்கரத்தைப் படுக்கப்போட்டு வண்டியின் ஓரத்தடியில் தள்ளி வைக்கிறாள், அதுவும் சரி. அதோடு விடுகிறாளா? இறக்கிய பிறகு எழுந்து நின்று இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்குகிறாள். தினமும், ஒவ்வொரு வண்டிக்கும்.

"நான் பாத்து வாங்கினதுடி அது. என்ற மேல நம்பிக்கை இல்லாமத்தான் ஆட்டறயா?" என்றேன்.

"உங்க மேல நம்பிக்கை இருக்குதுங்த்தே. ஆனாலும் ஆட்டித்தான் அடியில போவேன்."

"பேய் புடிச்சவளாட்ட" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே உலுக்கினாள். பிடிவாதத்தில் என்னையே மிஞ்சிவிடுவாள் போலிருக்கிறது.

இதுவரை ஐந்து வண்டி பார்த்துவிட்டாள். கோயிலில் குருக்கள் மனைவிகூட விசாரித்தார். நான் சொல்லாமலேயே ஊருக்குத் தெரிந்திருக்கிறது. கொஞ்சம் சொல்லியும் இருக்கிறேன்.

செப்டம்பர் 29, திங்கள்

ஆயுதபூஜைக்குத் தரணி வந்துவிட்டான். வந்த சூட்டோடு இருவரும் ஈரோட்டுக்கு, சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நாளை மாலை வருவார்கள். என் நாத்தனார் சிவகாமியும் பூஜைக்கு வருகிறாள். வருஷா வருஷம் அவள் மகனுடைய மில்லைப் பற்றியே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இந்த வருஷம் எங்கள் வீட்டிலும் பட்டறை இருக்கிறது, அவளும் பார்க்கட்டும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஷெட்டைக் கழுவிவிட்டேன். ஸ்பானர் எல்லாம் புளி போட்டுத் துலக்கினேன். எடை மேடையில் பூஜைக்கு முதல் நாள் இரும்பாக இருப்பது எதையும் பெயிண்ட் அடிக்காமல் விடமாட்டோம். கேட், கம்பி, எடைக்கல் எல்லாம் புதுசாக மின்னும். ஸ்டாண்டு இரண்டும் கிரீஸ் பட்டு அசிங்கமாக இருந்தன. நல்ல சிவப்பு எனாமல் வாங்கி வந்து, காலையில் ஒரு கோட்டு, உச்சி வெயிலில் ஒரு கோட்டு அடித்தேன். தண்டை முழுசாக இழுத்து வைத்து, பல்லுக்குப் பல் பிரஷ் விட்டு, ஒரு இடுக்கு விடாமல் அடித்திருக்கிறேன். கடையில் வாங்கிய அன்றுகூட அப்படி இல்லை. மேகலா வரும்போது இருட்டிவிட்டது. நாளைக்குப் பார்த்து அசந்து போகட்டும்.

அக்டோபர் 1, புதன்

பூஜை அமோகம். ஜாக்கி, ஸ்டாண்டு, ஸ்பானர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பொரிகடலை, சுண்டல். மேகலா சிவப்பு ஸ்டாண்டைப் பார்த்து, "பெயிண்டு நீங்களா அடிச்சீங்கத்தே?" என்று கேட்டாள். "பின்ன?" என்றேன். தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை நாளைக் காலை வரை தொடக் கூடாது என்று கையைத் தட்டிவிட்டேன். சிவகாமி ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மில்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நாளை விஜயதசமி. ஆயுதத்தை எடுத்து, எல்லோர் முன்னாலும் முதல் வேலை.

அக்டோபர் 2, வியாழன்

தலைவலி. எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்றுக் காலை கற்பூரம் காட்டி, எல்லோரும் சுற்றி நின்றார்கள். வேலுமணியின் மச்சானுடைய பெரிய வண்டி. மேகலா ஜாக்கியில் தூக்கினாள், முன்சக்கரங்களைக் கழற்றினாள், ஓரத்தடியில் தள்ளினாள், ஸ்டாண்டில் இறக்கினாள். சிவகாமி கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறாள். தரணி போனில் படம் எடுக்கிறான். மேகலா எழுந்து வண்டியில் கை வைத்தாள். "இன்னிக்குமாடி? ஒறம்பர சனத்து முன்னால என்ற மானத்த வாங்காத. போய் வேலையப் பாரு" என்று நான் சொன்னேன். சொன்னது நான்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் உலுக்கினாள்.

ஒரு ஸ்டாண்டின் தண்டு சடாரென்று உள்ளே இறங்கியது. வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து, படுக்கப்போட்டிருந்த சக்கரத்தின் மேல் தொம்மென்று உட்கார்ந்தது. சிவகாமி கத்தினாள். என் பேச்சைக் கேட்டு அவள் அடியில் போயிருந்தால்? எனக்கு எழுத வரவில்லை.

தரணியின் முகம் வெளுத்துவிட்டது. "எப்பிடி எறங்குச்சு? சொல்லு மேகலா, எப்பிடி?"

அவள் குனிந்து தண்டைப் பார்த்தாள். விரலால் பல்லைத் தொட்டாள். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "நாக்கு சரியா உழுந்துச்சான்னு நான் பாக்காம உட்டுட்டனுங்க. என்ற தப்புதான்" என்றாள்.

தரணி ஷெட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு அவளுக்கும் டிக்கெட் போட்டுவிட்டான். இந்த வாய், ஊரையே வாங்கு வாங்கென்று வாங்கும் வாய், நேற்று ஒட்டிக்கொண்டது.

இன்று மதியம் எல்லோரும் படுத்த பிறகு, தரணி பூட்டுமுன் வெளியே எறிந்திருந்த அந்த ஸ்டாண்டை எடுத்து, காய் அரியும் கத்தியால் சுரண்டினேன். பல்லுக்குப் பல் என் சிவப்புப் பெயிண்ட் கட்டி கட்டியாக அடைத்துக்கொண்டு வந்தது. நாக்கு ஆடும் இடத்திலும் ஒட்டிப்போய், விழாமல் பாதியிலேயே நின்றது. இரண்டு கோட்டு, ஒரு இடுக்கு விடாமல். அட கெரகமே.

பின்னால் மேகலா வந்து நின்றாள். "வுடுங்கத்தே. கையக் கிழிச்சுக்குவீங்க."

"உனக்கு நேத்தே தெரியுமல்ல?"

அவள் குனிந்து, தரையில் உதிர்ந்த பெயிண்ட் துணுக்குகளை அள்ளினாள்.

"ஏண்டி சொல்லல?"

"சிவகாமியத்தே நிக்கறாங்க. அத்தன பேரு முன்னால உங்களச் சொல்லச் சொல்றீங்களா?"

"அவங்கிட்டத் தனியாச் சொல்ல வேண்டியதுதான?"

"ஸ்டாண்டுக்கு நான் பொறுப்புன்னு நீங்க அவருகிட்டச் சொல்லீட்டீங்க. அதுக்கப்புறம் நான் என்னன்னு சொல்றது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "என்ற மூஞ்சிக்காக உன்ற பொழப்ப வுட்டுக் குடுப்பயா? பைத்தியக்காரி, உனக்கு மூளை இருக்குதா?" என்று திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதுவிட்டேன். என் வீட்டுக்காரரைப் பறிகொடுத்தபோது அழுததுதான், அதற்குப் பிறகு இன்றைக்குத்தான். அவள் கத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 4, சனி

காலையில் இட்லி பரிமாறும்போதே ஆரம்பித்தேன். சிவகாமி ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அவளும் கேட்கட்டும்.

"டேய் தரணி, தப்பு அவளுது இல்ல. என்னுது. ஆயுதபூஜைக்கு அழகாயிருக்கோணும்னு பல்லுக்கெல்லாம் பெயிண்டு அடிச்சு அடச்சது நான். ஆட்டாதடின்னு தடுத்ததும் நான்."

சிவகாமியின் கை இட்லியோடு நின்றது. நிற்கட்டும்.

தரணி, "அப்போ இன்னும் மோசம்மா. நீ பொறுப்புன்னு சொன்ன. உன்ன நம்பி அவள எப்பிடி உடறது?" என்றான்.

"என்ன நம்பாத. நான் சொன்ன பொறுப்பு போச்சு. வாங்கினது நல்ல ஸ்டாண்டு, அதக் கெடுத்தது நான். ஆனா வண்டி எறங்குனப்ப அவ எங்கடா இருந்தா? அடியிலயா? மேல ஒரு கீறல் இருக்குதா? ஒறம்பர நிக்குது, மாமியா திட்டறா, புருசன் படம் புடிக்கறான். அப்பவும் ஆட்டாமப் போகமாட்டேன்னு நின்னாளா இல்லையா? சக்கரத்தத் தள்ளி வெச்சிருந்தாளா இல்லையா? நான் தப்புப் பண்ணாலும் அவ சாகமாட்டாடா. இதுக்கு மேல உனக்கு என்ன உத்தரவாதம் வேணும்?"

நான் மூச்சு வாங்கினேன். மேகலா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தரணி தட்டை நகர்த்தி வைத்தான். பிறகு அவளைப் பார்த்து, "என்கிட்டயும் பொய் சொன்னயா?" என்று கேட்டான். அவள் ஆமென்று தலையாட்டினாள். அவன் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "இனி என்ன நடந்தாலும் உள்ளதச் சொல்லு. மத்தத நீ பாத்துக்க" என்றான்.

"அண்ணி, உங்க மருமவளுக்கு நெஞ்சழுத்தந்தான்" என்றாள் சிவகாமி. அவள் வாயிலிருந்து வந்தால் அது சாதாரணப் பாராட்டு இல்லை.

ஒருதரம் இறங்கிய ஸ்டாண்டை இனித் தொடுவதில்லை என்று மேகலா சொல்லிவிட்டாள். மதியமே மூன்று பேரும் கோயமுத்தூர் போனோம். இந்தத் தடவை தேர்ந்தெடுத்தது அவள். பல்லில் நாக்கு விழுவதோடு, குறுக்கே ஒரு இரும்பு முளையும் செருகிப் பூட்டுகிற வகை. ஒன்று ஏமாற்றினாலும் மற்றொன்று பிடிக்குமாம். நான் பையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் என்னைத்தான் பார்த்தார். "அவங்ககிட்டக் கேளுங்க, அவங்கதான் மெக்கானிக்கு" என்று தரணி சொன்னான். என் மகன்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

தரணிக்குச் சாயந்திரம் ரயில். ஒரு டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான். போவதற்கு முன் அவள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். அதே பெரிய வண்டி. தூக்கினாள், சக்கரத்தைத் தள்ளினாள், ஸ்டாண்டில் இறக்கினாள், முளையைச் செருகினாள். எழுந்து வண்டியைப் பிடித்து ஒரு பாடு உலுக்கினாள். அசையவில்லை. நான் கொஞ்சம் தள்ளியே நின்றிருந்தேன். இனி நமக்கு இங்கே என்ன வேலை என்று உள்ளே போகத் திரும்பினேன்.

"அத்தே, எங்க போறீங்க?" என்றாள் மேகலா. தரையில் சாக்கை விரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க, வந்து நீங்களும் ஆட்டுங்க. இனிமேல் நீங்களும் ஆட்டிச் சரின்னு சொன்னாத்தான் அடியில போவேன்."

நான் தரணியைப் பார்த்தேன். அவன் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டான். போய் வண்டியைப் பிடித்தேன். முந்தானையைச் செருகிக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி, இந்த உடம்பில் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு உலுக்கினேன். இந்தப் பக்கம் உலுக்கினேன், அந்தப் பக்கம் போய் உலுக்கினேன். பேய் பிடித்தவள் மாதிரி உலுக்கினேன். மூச்சு இரைத்தது. வண்டி பாறையாக நின்றது.

"போ சாமி" என்றேன். மேகலா படுத்து அடியில் போனாள்.